வாலிகண்டபுரம் சீமையில் பாரசீக - சமஸ்கிருதக் கலப்பு: வருவாய்க் கணக்கின் சான்று

பெரம்பலூருக்கு வடக்கே உள்ள வாலிகண்டபுரம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீஜப்பூர் சுல்தானகத்தின் தெற்கு ஆட்சி மையங்களுள் ஒன்றாக விளங்கியது. அங்கிருந்து ஆண்ட ஷேர்கான் லோடியே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு இடம் கொடுத்தவர். பாரசீக, சமஸ்கிருத மரபுகள் கலந்த வரலாற்றை, 1657இல் முகலாய இளவரசர் தாரா ஷுகோ பாரசீகத்தில் ஆக்குவித்த உபநிடதங்கள் போன்ற அரண்மனை நூல்களைக் கொண்டே எழுதுவது ஆய்வாளர் வழக்கம். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இங்குக் கலப்பு நிகழ்ந்த களம் நிலவரி நிர்வாகம். அதை நடத்தியவர்கள் எழுத்தர்கள்.

1677இல் சிவாஜி திருவதிகையில் ஷேர்கானைத் தோற்கடித்தார். தோற்றவர் பெருந்தொகை கொடுக்க உடன்பட்டு, பின்னர் அரியலூர்ப் பக்கம் ஒதுங்கினார். அதே சிவாஜியின் ஆணைப்படி உருவானதுதான் ‘ராஜவியவகார கோசம்’ என்ற அகராதி. ஆட்சியில் புழங்கிய பாரசீகச் சொற்களுக்குச் சமஸ்கிருத ஈடு தருவது அதன் நோக்கம். அதன் ஆசிரியராகச் சொல்லப்படும் ரகுநாத பண்டிதரை, சிவாஜியின் தென்னாட்டு நிர்வாகத்தைக் கவனித்த ரகுநாத நாராயண ஹனுமந்தேயாகக் கருதுவோரும் உண்டு. அந்த ஹனுமந்தேயோ, முன்பு பீஜப்பூருக்குக் கீழிருந்த ஏகோஜியிடம் பணிபுரிந்தவர். சமஸ்கிருதம் கற்ற குடும்பங்களே சுல்தான்களின் கணக்கையும் எழுதிவந்தன என்பதற்கு இது நல்ல சான்று. அகராதி தேவைப்பட்டதே கலப்பு எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

சொல்லை மாற்றும் முயற்சி இப்பகுதியில் நிலைக்கவில்லை. 1698இல் செஞ்சி முகலாயர் வசமாயிற்று. அடுத்து ஆர்க்காட்டு நவாபுகள் வந்தனர். ரஞ்சன்குடிக் கோட்டை அவர்களுடைய ஜாகீர்தாரின் இருப்பிடம். நவாபு பதவிக்காக முகமது அலிக்கும் சந்தா சாகிப்புக்கும் இடையே நடந்த போட்டியில் 1751இல் அதன் அருகே போர் நடந்தது. 1765இல் அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களும் நவாபின் படையிடம் வீழ்ந்தன. ஆனாலும் அப்பாளையக்காரர்களின் மழவராயர், உடையார் என்ற பட்டங்கள் மறையவில்லை. ஜாகீர், கிஸ்தி, ஜமாபந்தி போன்ற வருவாய்ச் சொற்கள் மேலிருந்து வந்தவை. ஊர்மட்டத்தில் தமிழ்க் கணக்கும் கோயில் மானியமும் தொடர்ந்தன. இதைச் சமரசம் என்று போற்றுவது மிகை. வரி வாங்குவோரும் கொடுப்போரும் ஒரே ஏட்டில் சந்தித்தனர், அவ்வளவே.

காலக்கணக்கில் இக்கலப்பை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். அக்பர் ஆட்சியில் அறுவடைக்கு ஏற்பச் சூரியக் கணக்கில் ஹிஜ்ரி ஆண்டைத் திருத்தி அமைத்ததே பசலி. ஜூலை 1இல் பசலி பிறக்கும். அதன் எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது பிறந்த ஆங்கில ஆண்டு கிடைக்கும். 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. பஞ்சாங்கத்தின் முன்பக்கத்தில் கலியுகம், சாலிவாகன சகம் ஆகியவற்றோடு பசலியும் அச்சாகிறது. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது சமஸ்கிருத ஆண்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் அது இருப்பதை யாரும் விந்தையாக எண்ணுவதில்லை.

கம்பெனி ஆட்சி 1837இல் பாரசீகத்தை அலுவல் மொழி நிலையிலிருந்து விலக்கியது. நிர்வாக முறை அப்படியே நின்றது. கிராம நிர்வாக அலுவலர் சாகுபடியைப் பதியும் அடங்கல் இன்றும் பசலி ஆண்டுப்படியே எழுதப்படுகிறது. பசலி முடியும் தறுவாயில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி கூடுகிறது.