6.3 டிகிரி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் நரம்பணுக்களின் இயக்கத்தைக் கணக்கிடும் 'நியூரான்' மென்பொருளைத் திறந்து வெப்பநிலையைப் பார்க்கச் சொல்வேன். யாரும் மாற்றாதவரை அங்கே 6.3 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். எலி மூளைக்கு ஒவ்வாத குளிர் அது. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் வெளியிட்ட ஊசிக்கணவாய் நரம்பின் சமன்பாடுகள் அந்த வெப்பநிலைக்கு உரியவை. கேம்பிரிட்ஜ் கணினி அப்போது கிடைக்காததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் பிரன்ஸ்விகா இயந்திரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

இத்தகைய மென்பொருள்களில் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு, அது எந்தக் கேள்விக்காகப் பிறந்தது என்பதைத்தான் முதலில் சொல்வேன். 'நியூரான்' பிறந்தது டியூக் பல்கலைக்கழகத்தில், கணவாய் நரம்பை ஆராய்ந்த ஜான் மூரின் ஆய்வகத்தில். கிளைவிட்டுக் கிளை பிரியும் நரம்பணுவைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கினால், துண்டுகள் பெருகும் அளவுக்கு மட்டுமே வேலையும் பெருகும் என்று மைக்கேல் ஹைன்ஸ் 1984இல் காட்டினார். ஒரே நரம்பணுவை நுணுகிப் பார்ப்பதில் இன்றும் அதுவே என் முதல் தேர்வு.

கால்டெக்கில் ஜேம்ஸ் போவரின் குழு முகர்வுப் புறணியை ஆராய்ந்தது. அங்கே 'ஜெனிசிஸ்' மென்பொருள் உருவானது. அதை எழுதியவர்களில் ஒருவரான உபிந்தர் பல்லா பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு (என்.சி.பி.எஸ்.) வந்தபின் வளர்ந்தது 'மூஸ்'. மின்னோட்டத்தோடு நரம்பணுவுக்குள் நடக்கும் வேதிவினைகளையும் அது சேர்த்துக் கணக்கிடும். அதன் வெளியீடுகளுக்கு இனிப்புகளின் பெயர், ஒன்று ஜாங்கிரி! நம் மண்ணில் வளர்ந்த இந்தக் கருவியை நம் கல்லூரிகள் இன்னும் அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

கெவால்டிக், டீஸ்மன் ஆகியோர் 1990களில் தொடங்கிய 'நெஸ்ட்' நரம்பணுவின் வடிவத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, பெரும் வலையமைப்புகளைக் கணினிக் கொத்துகளில் ஓட்டுகிறது. பாரிஸில் பிறந்த 'பிரையன்' வேறு வகை: சமன்பாட்டைத் தாளில் எழுதுவதுபோலவே எழுதலாம், மில்லிவோல்ட்டோடு மில்லிசெகண்டைக் கூட்டினால் உடனே தடுத்துவிடும். வகுப்பறைக்கு அதுதான்.

பைத்தான் வந்தபின் இவற்றில் பலவும் அந்த மொழிக்கு வாசல் திறந்தன. ஆனாலும் 'நியூரான்' தன் பழைய 'ஹாக்' மொழியைக் கைவிடவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'மாடல்டிபி' களஞ்சியத்தில் அந்த மொழியில் எழுதிய எத்தனையோ மாதிரிகள் இருக்கின்றன. மாணவர்கள் இன்றும் அவற்றை இறக்கி ஓட்டுகிறார்கள்.