மரத்துக்குச் சான்று, மனிதருக்கு?

தோழர்களே, இந்தோனேசியக் காட்டின் கதை நிலத்தில் தொடங்குகிறது. உரிமையை நிரூபிக்காத நிலமெல்லாம் அரசுடையது என்று 1870இல் ஜாவாவில் டச்சு ஆட்சி அறிவித்தது. சுதந்திர நாட்டின் 1999 வனச்சட்டமும் பழங்குடிகளின் மரபுக் காட்டை அரசுக் காடு என்றே எழுதியது.

காடழிப்பைக் குறைத்தால் 100 கோடி டாலர் வரை தருவதாக 2010இல் நார்வே உடன்பட்டது. 2021இல் இந்தோனேசியா அதை முறித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தப்படி, சட்டபூர்வ மரத்துக்கான உரிமத்தை உலகிலேயே முதலாவதாக 2016இல் வழங்கியதும் இந்தோனேசியாதான். அந்த உரிமத்துக்குச் சட்டமே அளவுகோல். சட்டமே நிலத்தைப் பறித்திருந்தால்?

இதைக் கேட்டவர்கள் பழங்குடிகள். அவர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், மரபுக் காடு அரசுக் காடு அல்ல என்று 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் நிலம் தானாகக் கைக்கு வரவில்லை. ஊர் ஊராக அங்கீகாரம் பெற வேண்டியிருக்கிறது. பஞ்சமி நிலத்துக்காக அலையும் நமக்கு இது புரியும். மரத்துக்குச் சான்று கேட்பவர்கள், முதலில் மனிதருக்குப் பட்டா கேட்கட்டும்.