தைரொயிட் துண்டுக்கு ஓர் உரை

கினிகத்தேனைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கையில் கிளினிக் தரும் துண்டில் சில வரிகள், அதுவும் ஆங்கிலத்தில். தன் உடம்பைப் பற்றிய செய்தியைத் தன் மொழியில் அறிய அவருக்கு உரிமை உண்டு. கீழுள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கே.

“டி.எஸ்.எச். 18, மேலெல்லை 4”

தைரொயிட் மிதமிஞ்சிச் சுரக்கிறது என்றே பலரும் இதைப் படிக்கிறார்கள். உண்மை நேர்மாறு. டி.எஸ்.எச். கழுத்தில் சுரப்பதன்று, மூளைக்கு அடியில் பயறளவே உள்ள கபச்சுரப்பியின் ஓமோன். தைரொயிட்டை வேலை வாங்குவது அதுதான். நிறுவையில் கொழுந்து குறையக் குறையக் கங்காணியின் குரல் உயர்வதுபோல, தைரொயிட் சுரக்கும் தைரொக்சின் குறையக் குறைய இந்த எண் ஏறும். கபச்சுரப்பிக்கும் மேலிடம் பரிவகக்கீழ். அங்கிருந்து வரும் கட்டளை டி.ஆர்.எச்.; மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த நரம்புப் பெப்டைட். அதன் அமைப்பு 1969இல் தெரியவந்தது. ரொஜர் கில்லெமினும் அன்ட்ரூ ஷாலியும் 1977இல் நோபல் பரிசு பெற்றது இத்தகைய ஆய்வுக்காகவே.

தைரொக்சின் உண்டாக அயடீன் வேண்டும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்யும் இவ்வூர் மழை மண்ணின் அயடீனைக் கழுவிக்கொண்டு போகும். உப்பில் அயடீன் சேர்ப்பதை 1995இல் நாடு கட்டாயமாக்கியதற்கு ஈரவலயத்துக் கழுத்து வீக்கமே காரணம்.

“எப்.டி.4 குறைவு”

எப்.டி.4 என்பது இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைரொக்சின். முதல் வரி போதாதா? போதாது என்று காட்டியவை சுண்டெலிகள். 1929இல் ஜோர்ஜ் ஸ்னெல் விவரித்த குள்ள எலிகளின் கபச்சுரப்பியில் டி.எஸ்.எச். உண்டாகாது, தைரொக்சின் எவ்வளவு குறைந்தாலும் எண் ஏறாது. 1997இல் ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தார் டி.ஆர்.எச். மரபணுவை நீக்கிய எலிகளில் இன்னும் விசித்திரம்: டி.எஸ்.எச். கூடியிருந்தது, ஆனால் வீரியம் குன்றியிருந்தது. பிரசவத்தில் இரத்தம் அதிகம் போய்க் கபச்சுரப்பி பழுதான பெண்ணுக்கும் டி.எஸ்.எச். சாதாரணமாகவே தோன்றலாம். இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால்தான் பழுது எங்கே என்பது பிடிபடும்.

“தைரொக்சின், காலையில், வெறும் வயிற்றில்”

பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது வழக்கம். அது வேண்டாம். எழுந்ததும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது கழித்துத் தேத்தண்ணி குடிக்கலாம். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துவைக்கும். அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

“ஆறு வாரத்தில் மீண்டும்”

இரத்தத்தில் தைரொக்சின் நிலைப்பட அவ்வளவு நாள் பிடிக்கும். இடையில் சுகமாகிவிட்டது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். கர்ப்பமானால் அடுத்த தவணைவரை காத்திராமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்ட வேண்டிவரும்.