மூன்றாவது தொனி

மேனாட்டு வயலின் இசையிற் சிறிதேனும் ஈடுபாடுடையோர் ஒரு கனவைப் பற்றிக் கேட்டிருப்பர். 1713 ஆம் ஆண்டில் ஓரிரவு, இத்தாலிய இளைஞர் ஒருவரின் கனவிற் சாத்தான் தோன்றி, அவருக்கு ஏவல் செய்ய இசைந்தானாம். அவனுக்கு வாசிக்கத் தெரியுமோ பார்ப்போமென்று இளைஞர் தம் வயலினை அவன் கையிற் கொடுத்தார். அவன் வாசித்ததோ மனிதர் எண்ணியும் பார்த்திராத இசை. மூச்சுத் திணறி விழித்தவர், கேட்டது மறையுமுன் பிடித்துவிட விரும்பி வயலினை எடுத்தார். கைக்கு அகப்பட்டது அதன் நிழல் மாத்திரமே. அந்த நிழலே 'சாத்தானின் கமகம்' என்று இன்று அரங்குதோறும் வாசிக்கப்படும் உருப்படி.

இக்கதையைச் சொன்னவர் ஜுசெப்பே தார்த்தீனி. முதுமையில் அவர் சொல்லக் கேட்ட பிரெஞ்சு வானியலறிஞர் லலாந்து, 1769 இல் வெளிவந்த தம் இத்தாலிய யாத்திரை நூலில் அதனைப் பதிந்து வைத்தார். கதை இனியதுதான், ஆயினும் தார்த்தீனியின் புகழுக்கு அது நன்மை செய்ததா என்பது ஐயத்திற்குரியது. உருப்படியின் நடையை ஆராய்ந்தோர், அது 1713 இற் பிறந்ததன்று, 1740 களை ஒட்டியே பிறந்திருத்தல் கூடும் என்பர். எனின், ஓரிரவிற் கிடைத்த கொடையென உலகம் வியப்பது, உண்மையிற் பல்லாண்டு உழைப்பின் பேறு.

ஆத்திரியாத்திக் கடலோரத்திலே பிரானோ என்னுஞ் சிறு துறைமுகத்தில் 1692 ஏப்பிரில் 8 ஆந் திகதி தார்த்தீனி பிறந்தார். இன்று சுலோவீனிய நாட்டிற் சேர்ந்துள்ள அவ்வூர் அன்று வெனிசுக் குடியரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. தந்தையார் உப்பளத் துறையிற் பொறுப்பு வகித்தவர். மகன் குருத்துவம் பெறவேண்டுமென்பது அவர் விருப்பம். மகனோ பாதுவாப் பல்கலைக் கழகத்திற் சட்டம் பயிலச் சென்று, சட்டத்தைவிட வாட்பயிற்சியிலே மனம் வைத்தார். 1710 இல், குடிநிலையிற் குறைந்தவளெனக் கருதப்பட்ட எலிசபெத்தா என்னும் பெண்ணை மணந்தார். அவ்வூர் ஆயரின் சினத்துக்கு ஆளாகிய இளைஞர், அசிசி நகரத்துப் பிரான்சிஸ்குச் சபை மடத்திற் புகலடைய நேர்ந்தது. காதலால் வந்த இடரே அவரை இசைக்கு ஆக்கிக் கொடுத்தது. மடத்தின் தனிமையில் வயலினன்றி வேறு துணை அவருக்கு ஏது?

1714 இல் அங்கோனா நகரத்து நாடக இசைக்குழுவில் வாசித்துவந்த நாளிலே அவர் ஓர் அரிய செய்தியைக் கண்டார். இரு தந்திகளை ஒருங்கே வில்லால் மீட்டி, இரு சுரங்களையும் பிசகாத சுருதியில் நிறுத்தினால், யாரும் வாசியாத மூன்றாவது தொனியொன்று அடியிலிருந்து மெல்ல எழுகின்றது! செக்கனுக்கு 600 அதிர்வுடைய சுரமும் 500 அதிர்வுடைய சுரமும் சேர்ந்தொலித்தால், அவற்றின் வேறுபாடாகிய 100 அதிர்வுடைய மந்தமான ஒலி கேட்கும். சுருதி மயிரிழை பிசகினும் அத்தொனி தன் நிலையினின்றும் விலகிவிடும். தம்பூராவை மீட்டும்போது யாரும் தொடாத காந்தாரம் கேட்பதை நம்மவர் அறிவர். அதன் காரணம் வேறாயினும், வியப்பு ஒன்றே.

இத்தொனி பெரும்பாலும் கேட்போரின் காதினுள்ளேயே பிறப்பது என்று பிற்காலத்தார் விளக்கினர். வயலினின் உடலிலேயும் அது ஓரளவு பிறக்கின்றது என்று 2022 இல் இத்தாலிய ஆய்வாளர் அளந்து காட்டினர். தார்த்தீனியோ 1754 இல் வெளியிட்ட தம் இசை நூலில் இத்தொனியை அடிப்படையாகக் கொண்டு இசையிலக்கணம் முழுவதையும் நிறுவ முயன்றார். கணிதத்தில் அவர் தடுமாறினார். அறிஞர் சிலர் கடிந்தனர். ஆயின் அவருடைய செவி தடுமாறவில்லை. தம் மாணாக்கரிடம் அவர் கேட்டது ஒன்றே: மூன்றாவது தொனி கேட்கின்றதா? கேட்கவில்லையேல் சுருதி சேரவில்லை. ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் பிழையைச் சுட்டும் ஆசிரியராய் அத்தொனி நின்றது.

1716 இல் வெனிசு நகரிலே வெராச்சினி என்னும் வித்துவானின் வாசிப்பைக் கேட்டார். அவ்வில்லின் ஆட்சியைக் கண்டு தம் குறையை உணர்ந்து, மனைவியை உறவினரிடம் விட்டுவிட்டு, மீண்டும் அங்கோனாவுக்குச் சென்று தனியிருந்து வில்லைப் பயின்றாரென்பர். நன்றாக வாசிக்கின்றாரென ஊரார் புகழத் தொடங்கிய வேளையில், அடியிலிருந்து தொடங்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 1721 இல் பாதுவாவிலுள்ள புனித அந்தோனியார் பேராலயம் அவரைத் தேர்வு எதுவுமின்றியே முதல் வயலின் வித்துவானாக ஏற்றது. இடையே சில ஆண்டுகள் பிராக் நகரில் வாழ்ந்தமை நீங்கலாக, எஞ்சிய வாழ்நாளெல்லாம் அவ்வூரிலேயே கழிந்தது. அயல்நாட்டு அழைப்புகள் அவரைக் கவரவில்லை. அவர் அங்கு நிறுவிய பள்ளிக்குப் பல தேசங்களிலுமிருந்து மாணாக்கர் வந்தமையால் அது 'நாடுகளின் பள்ளி' எனப் பெயர் பெற்றது.

ஏறக்குறைய 135 வயலின் கொன்சேர்ட்டோக்களை அவர் இயற்றினார். அவற்றுட் பலவற்றின் கையெழுத்துப் படிகளில், சுரங்களுக்கு அருகே யாருக்கும் விளங்காத குறியீடுகள் காணப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அவற்றின் திறவு கண்டறியப்பட்டபோது அவை கவிதை வரிகளென்பது தெரியவந்தது. தம் உள்ளத்தைத் தொட்ட அடிகளை மறையெழுத்தில் எழுதி, அவற்றின் உணர்ச்சியை மாத்திரம் தந்திக்குக் கொடுத்திருக்கிறார்.

1760 மார்ச்சு 5 ஆந் திகதி, வெனிசு நகரத்து அறநிலையமொன்றிற் பயின்ற மதலேனா லொம்பார்தினி என்னும் பதினான்கு வயதுச் சிறுமிக்கு அவர் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கின்றது. புகழ்பெற்ற முதியவர், பெயரறியாச் சிறுமிக்கு எத்துணைப் பொறுமையோடு எழுதுகின்றார்! வில் தந்தியைத் தொடும் முதற் கணத்தில் ஒலி மூச்சுப்போற் பிறத்தல் வேண்டும். சம்மட்டி அடிபோல் விழுதல் ஆகாது. ஆதலின் விரல் வையாத தந்தியிலே, கேட்டும் கேளாத மென்மையில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஒலியைப் பெருக்குதல் வேண்டும். காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் இதனைப் பழகவேண்டுமென்பது அவர் கட்டளை. கனவைப் பற்றியோ சாத்தானைப் பற்றியோ அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

1770 பெப்புருவரி 26 இல் தார்த்தீனி பாதுவாவிற் காலமானார். 'சாத்தானின் கமகம்' அச்சேறியது 1798 இலேதான். மதலேனாவுக்கு எழுதிய கடிதமோ அவர் மறைந்த ஆண்டிலேயே அச்சாயிற்று. அதற்குள் அப்பெண் பாரிசு மாநகரத்து அரங்கில் வாசித்துவிட்டாள். அடுத்த ஆண்டு இலண்டன் மாநகரமும் அவள் வில்லோசையைக் கேட்டது.