பெயரைப் பறிகொடுத்த தக்காளி

‘தக்காளி’ என்றதும் கிணத்துக்கடவுச் சந்தையில் குவிந்து கிடக்கும் செங்கனியே இன்று நம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் வழியாக நம்மை அடைந்த கனி அது. அச்சொல்லோ அதற்கு முன்பே தமிழில் வழங்கியது. கீரையாகவும் மருந்தாகவும் பயன்படும் மணத்தக்காளிக்கும், வேலியோரத்தில் தானே முளைக்கும் சொடக்குத் தக்காளிக்கும் உரிய பெயர் அது. புதிதாக வந்த கனியைச் ‘சீமைத்தக்காளி’ என்று அடைகொடுத்தே முன்னோர் பிரித்தறிந்தனர். காலப்போக்கில் ‘சீமை’ உதிர்ந்தது. வந்தவன் வீட்டுக்காரன் ஆனான்.

காகிதக் கூடு போன்ற புல்லிதழுக்குள் ஒளிந்திருப்பது சொடக்குத் தக்காளி. சிறுவர் அக்கூட்டை நெற்றியில் அடித்து உடைக்கும்போது எழும் ஓசையே அதன் பெயர். மலையாளத்தில் இதனை ‘ஞொட்டாஞொடியன்’ என்பர். அங்கும் அதே ஓசைதான்.

வியப்பு என்னவெனில், மெக்சிகோவிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்குள்ள நாவாட்டில் மொழியில் ‘டொமாட்டில்’ என்பது பெரும்பாலும் கூட்டுக்குள் விளையும் பச்சைக் காயையே குறித்தது. செங்கனிக்கு ‘ஷிடொமாட்டில்’ என்று தனிப்பெயர் உண்டு. ஸ்பானியர் வழியே உலகெங்கும் பரவியபோது ‘டொமாட்டோ’ என்னும் பெயர் செங்கனிக்கே போய்ச் சேர்ந்தது. பெயருக்கு உரிய பச்சைக்காயோ ‘டொமாட்டியோ’, அதாவது ‘சிறு தக்காளி’ ஆயிற்று. நம் சொடக்குத் தக்காளிக்கும் சிறுதக்காளி என்றொரு பெயர் உண்டு. 1753-இல் லின்னேயசு அதற்குச் சூட்டிய ‘பிசாலிஸ் மினிமா’ என்ற பெயரில் ‘மினிமா’ என்பதன் பொருளும் ‘மிகச் சிறியது’ என்பதே!

இக்குடும்பத்தின் இன்னொரு உறவு நம் அருகிலேயே இருக்கிறது. 1819-இல் நீலகிரி ஏறிய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன், அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார். அந்நூற்றாண்டில் மலைக்கு வந்து சேர்ந்த அயல்செடிகள் பல. தென்னமெரிக்காவில் பிறந்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையால் பெயர்பெற்ற ‘கேப் கூஸ்பெரி’ எனும் பிசாலிஸ் பெருவியானா நீலகிரியில் தானாகவே வளரும் செடியாகிவிட்டது.

டொமாட்டியோவும் இத்தகைய குளிர்ந்த மலைத்தோட்டத்தில் விளையக்கூடியதே. உறைபனிக் காலம் கழிந்தபின் நாற்று நடவேண்டும். தன் மகரந்தம் தனக்கு உதவாத செடி அது. ஆகவே, இரண்டு செடிகளேனும் அருகருகே இருத்தல் வேண்டும். ஒற்றைச் செடியில் கூடுகள் தொங்கும். உள்ளே காய் பெரும்பாலும் இராது.

விதை வாங்கி வளர்ப்போர் அதனை ‘மெக்சிகோச் சொடக்குத் தக்காளி’ என்றே அழைக்கலாமே. பெயர் மறைந்த செடி வெறுங்களையாகிக் களைக்கொல்லிக்கு இரையாகிறது. அயல் உறவின் பெயரிலாவது நம் வேலியோரத்துச் செடி நினைக்கப்படட்டும்.