விமானத்தின் உடலும் சிமுலேட்டரின் கணக்கும்

விமானத்தின் உடல் என்பது மூக்கு முதல் வால் வரை நீளும் நடுப்பகுதி. இறக்கை தூக்குகிறது, வால் நிலைநிறுத்துகிறது, எஞ்சின் உந்துகிறது. உடலோ ஆளையும் சுமையையும் ஏற்றிச் செல்லும் கூடு என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. எளிய சிமுலேட்டர்களும் உடலுக்கு ஓர் இழுவை எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் விமானத்தின் நடத்தையைக் கெடுப்பதிலும் காப்பதிலும் உடலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பங்கை எண்ணாக்குவது ஏன் கடினம், ஏன் தேவை என்பதைக் காட்டும் இரண்டு நிறுவனங்கள் சென்னையின் தெற்குப் புறநகரில் அருகருகே உள்ளன.

வானக்கப்பலில் தொடங்கிய கணக்கு

நீண்ட, கூர்முனைகள் கொண்ட உருவம் ஒன்று காற்றில் சற்றுச் சாய்ந்து செல்வதாகக் கொள்வோம். அதன் முன்பாதி மேல்நோக்கியும் பின்பாதி கீழ்நோக்கியும் விசை பெறும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் தூக்கு விசை ஏதும் மிஞ்சாது. ஆனால் திருப்பு விசை மிஞ்சும். அது சாய்வைக் குறைக்காமல் மேலும் கூட்டும். வானக்கப்பல்களின் உடலை ஆராய்ந்த மாக்ஸ் மங்க் 1924இல் அமெரிக்காவின் நாக்கா அமைப்புக்கு அளித்த அறிக்கையில் இதைக் கணித முறையில் நிறுவினார். வாலில்லாத வெறும் உடல் காற்றுக்குக் குறுக்கே திரும்பிவிடப் பார்க்கும் என்பதே இதன் பொருள். அந்தப் போக்கை வென்று மூக்கை நேராக வைப்பது வாலின் வேலை.

விமானத்தில் இறக்கையும் இருப்பதால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. இறக்கைக்கு முன்னால் காற்று மேலெழுகிறது, பின்னால் கீழிறங்குகிறது. எனவே உடலின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு கோணத்தில் காற்றைச் சந்திக்கிறது. ஜெர்மனியின் ஹான்ஸ் முல்தோப் 1940களின் தொடக்கத்தில் உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து இதைக் கணக்கிடும் முறையைத் தந்தார். இன்றும் பாடநூல்களில் உள்ள முறை அது.

குரோம்பேட்டையும் தாம்பரமும்

சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னை தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) தொடக்கம் முதலே விமானப் பொறியியல் கற்பிக்கப்பட்டது. 1950களின் நடுவில் அங்கு படித்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம், தம்மை விமானத்துறைக்கு இழுத்தவை வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களே என்று எழுதியிருக்கிறார். தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை மாணவர் குழு வடிவமைத்தபோது காற்றியக்கவியல் பகுதி அவர் பொறுப்பில் வந்தது. பணி பின்தங்கியதால் பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு விதித்த கதை பலரும் அறிந்தது. அதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. வரைபலகையில் இழுக்கும் ஒரு கோடுதான் உடலின் குறுக்குவெட்டைத் தீர்மானிக்கிறது. அது சரியா என்று பறக்கவிட்டுப் பார்க்க மேசைமேல் கணினி இல்லாத காலம் அது.

அங்கிருந்து இரண்டாவது ரயில் நிலையம் தாம்பரம். விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பட்டு 1954இல் தாம்பரத்துக்கு மாறியது. விமானிகளை ஆசிரியர்களாக்கும் இப்பள்ளியில், வி. எம். கட்கே வடிவமைத்து 1951 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த எச்டி-2 விமானமும் பின்னர் கிரண் ஜெட்டும் பயன்பட்டன.

பயிற்சி விமானத்தின் பெருஞ்சோதனை ஸ்பின். இறக்கை தூக்கும் திறனை இழந்து விமானம் திருகியபடி கீழே விழும் நிலை இது. மாணவர் தவறுதலாக இதில் சிக்கக்கூடும், எனவே ஆசிரியருக்கு வெளியேறும் வழி கைவந்திருக்க வேண்டும். இந்நிலையில் மங்க், முல்தோப் கணக்குகள் உதவுவதில்லை. அவை சிறு சாய்வுகளுக்கு உரியவை. ஸ்பின்னிலோ காற்று கீழிருந்து செங்குத்தான கோணத்தில் மோதும். உடலைச் சுற்றிய ஓட்டம் பிய்ந்துபோகும். வாலுக்குக் கீழுள்ள உடலின் பக்கப்பரப்பும் குறுக்குவெட்டின் வடிவமும் சுழற்சியைத் தணிக்கவும் செய்யும், முடுக்கவும் செய்யும். இதை அறியவே அமெரிக்காவின் லாங்லியில் 1941இல் செங்குத்துக் காற்றுச் சுரங்கம் ஒன்று இயங்கத் தொடங்கியது. மேலெழும் காற்றில் சிறு மாதிரி விமானங்களைச் சுழலவிட்டு அங்கே கவனித்தனர்.

நிரலுக்குள் உடல்

எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டியில் காற்றியக்கவியல் சமன்பாடு எதுவும் இல்லை. இசைக்கருவித் தொழிற்சாலையின் துருத்திகளே அதை ஆட்டின. கணினி வந்த பிறகுதான் உடலுக்கு எண்கள் தேவைப்பட்டன. அமெரிக்க விமானப்படைக்காக 1970களில் உருவான டிஜிட்டல் டாட்காம் நிரல், உடலை அதிகபட்சம் 20 குறுக்குவெட்டுகளாக வாங்கிக்கொண்டு நிலைப்பு எண்களைத் தருகிறது. பிளைட்கியர் என்னும் இலவச சிமுலேட்டரில் இரண்டு வழிகள் உண்டு. யாசிம் முறையில் உடலின் இரு முனைகளையும் அகலத்தையும் கொடுத்தால் நிரலே துண்டுகளாக்கிக் கணக்கிடும். ஜேஎஸ்பிசிம் முறையில் முழு விமானத்துக்கான அட்டவணைகளைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

அட்டவணை தயாரிக்கும் மாணவர்கள் வாலின் பங்கை மட்டும் எழுதி உடலின் எதிர்ப்பங்கை விட்டுவிட்டால், மாதிரி உண்மை விமானத்தைவிட அடக்கமாக நடந்துகொள்ளும். பக்கவாட்டில் சறுக்கினாலும் உடனே நேராகிவிடும். பொழுதுபோக்குக்கு இது போதும். பயிற்சிக்கு ஆபத்து, ஏனெனில் இல்லாத பாதுகாப்பைக் கை பழகிக்கொள்கிறது. ஸ்பின்னில் நிலைமை இன்னும் மோசம். அளந்த எண்கள் இல்லாத கோணங்களிலும் திரை ஏதோ ஒரு சுழற்சியை அழகாகக் காட்டும். அமெரிக்காவில் 2009இல் நடந்த கோல்கன் விமான விபத்துக்குப் பிறகு, இறக்கை தூக்கு இழக்கும் நிலையையும் நம்பத்தக்க வகையில் காட்ட வேண்டும் என்று பயணிகள் விமான சிமுலேட்டர்களுக்கு 2016இல் விதி வந்தது.

கிரணுக்கு மாற்றாக இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உருவாக்கிய எச்ஜேடி-36 சித்தாரா 2003 மார்ச்சில் முதலில் பறந்தது. ஸ்பின் பண்புகள் ஏற்கத்தக்கவையாக அமையாததால் திட்டம் பல ஆண்டுகள் தேங்கியது. செங்குத்து வால் பின்னோக்கி நகர்த்தப்பட்டு, சுக்கான் பரப்பும் நீட்டப்பட்டது. திருத்திய வடிவம் 2019 ஏப்ரலில் பறந்தது. 2022 ஜனவரியில், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆறு சுற்றுகள் வரை ஸ்பின்னில் நுழைந்து மீண்டு காட்டியது. முதல் பறப்புக்கும் அந்த ஆறு சுற்றுகளுக்கும் இடையே ஏறக்குறைய 19 ஆண்டுகள் கடந்திருந்தன.