சுவாமி மலைத் தூண்

திருகோணமலைக் கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலை, கடலிலிருந்து நூறு மீற்றருக்கும் மேலாகச் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை. இதைப் பற்றி ஐரோப்பியர் எழுதியும் சொல்லியும் வைத்தவற்றுள் இரண்டு மரணக் கதைகள் நிலைத்துவிட்டன. ஒன்று அடியார்கள் தம்மையே பலியிட்டுக்கொண்ட கதை. மற்றது மகளைப் பறிகொடுத்த ஒரு தந்தையின் கதை.

முதற் கதையைச் சொன்னவர் கோவாவில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி பெர்னாவோ டி குவேரோஸ். இலங்கையில் போர்த்துக்கேயர் நடத்திய ஆட்சியைப் பற்றி 1687 அளவில் அவர் எழுதி முடித்த பெருநூலில், இங்கிருந்த மூன்று கோயில்களுள் கடைசிக் கோயிலிலிருந்து யாத்திரிகர்கள் கடலிற் குதித்துத் தெய்வத்துக்குப் பலியானார்கள் என்று குறிக்கிறார். அவர் இலங்கையைக் கண்ணாற் கண்டவரல்லர். அவர் எழுதுகையில் கோயிலே இல்லை. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினோ டி சா அதை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இன்று பிரெடரிக் கோட்டை எனப்படும் அரணை எழுப்பியிருந்தான். ஆகவே அந்தப் பலிச்செய்தி, கோயிலை இடித்தவர்களின் பக்கத்திலிருந்து வந்த சாட்சியம் என்பதை மறவாமல்தான் அதைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் கதை ஒரு கல்தூணைச் சுற்றிப் பின்னப்பட்டது. மலையுச்சியில் நிற்கும் அத்தூணில், மைட்ரெக்ட் பிரபுக் குடும்பத்துப் பெண் பிரான்சினா வான் ரேடேயின் நினைவாக 1687 ஏப்ரல் 24இல் நிறுவப்பட்டது என்று ஒல்லாந்த மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒல்லாந்த அதிகாரியொருவன் அவளைக் கைவிட்டுக் கப்பலேறினான் என்றும், அக்கப்பல் பாறையைக் கடக்கும் வேளையில் அவள் மேலிருந்து குதித்து உயிர்விட்டாள் என்றும், துயரம் தாங்காத தந்தை இத்தூணை நாட்டினார் என்றும் கதை வளர்ந்தது. அந்தத் தந்தை சாதாரண மனிதரல்லர்; மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் விவரித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்’ நூலை உருவாக்கிய ஹென்றிக் வான் ரேடே, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆணையாளராக இருந்தவர். 1691இல் அவர் கடற்பயணத்தில் இறந்தபோது, வளர்ப்பு மகளான பிரான்சினா உயிருடன் இருந்தாள். பின்னர் திருமணமும் செய்துகொண்டாள். தூண் உண்மை; சாவு பொய்.

பெற்றவருக்குப் பிள்ளை கடன் தீர்ப்பதே முறை என்று நம்பும் சமூகத்தில், பிள்ளைக்குத் தந்தை கல் நாட்டிய கதை கேட்டவர் மனத்தைத் தொட்டதில் வியப்பில்லை. ஆயினும் இரண்டு கதைகளுக்கும் மூலம் வேறிடத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது. கிரேக்கத்து லெவ்காஸ் தீவின் பாறை முனையில் ஆண்டுதோறும் அப்பொல்லோ தெய்வத்துக்கான பலிவிழாவில், தீமை நீங்க ஒரு குற்றவாளியைக் கடலில் தள்ளினர் என்று புவியியலாளர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். காதலில் தோற்ற கவிஞர் சாப்போ குதித்ததும் அதே பாறையிலிருந்துதான் என்று சொல்லப்படுவதையும் அவர் குறிக்கிறார். கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கற்று வந்த ஐரோப்பியருக்கு, கடலோரத்துச் செங்குத்துப் பாறையும் அதன்மேல் ஒரு கோயிலும் கண்ணிற் பட்டால் பலியும் காதற்சாவும் சேர்ந்தே நினைவுக்கு வந்திருக்கும்.

பாறையில் உண்மையில் நடந்த வழிபாடு வேறு. கோயில் இல்லாதிருந்த காலத்திலும் அது நின்றுவிடவில்லை. இலங்கையின் பிரித்தானியக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், பாறை விளிம்பில் நின்று பூசகர் தேங்காய் உடைத்து, பழமும் பூவும் கடலில் இட்டு, நெருப்பேந்திய கலத்தைத் தலைக்கு மேல் உயர்த்திய காட்சியை 1859இல் வெளியான தம் நூலில் வருணித்துள்ளார். கடலுக்குள் விழுந்தவை பூவும் பழமும்தாம்.

இறந்தவருக்கான துயரத்துக்கு இவ்வூர் மக்கள் வைத்திருக்கும் இடம் மலையன்று; நகருக்கு வடமேற்கே உள்ள கன்னியா. அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள் சிறு சதுரத் தொட்டிகளாக அருகருகே இருக்கின்றன. ஒன்றின் சூடு மற்றொன்றின் சூட்டைப் போலிராது. தாய்க்காக மலையைப் பெயர்க்க முனைந்த இராவணனிடம் திருமால் அந்தணராக வந்து, அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லி, அவன் கடன் செய்வதற்காகத் தடியால் ஏழிடங்களில் ஊன்றி நீர் வரவழைத்தார் என்பது தலக்கதை. இறந்த முப்பத்தோராம் நாளில் பிள்ளைகள் செய்யும் அந்தியேட்டி என்னும் கிரியையை, திருகோணமலைச் சைவர்கள் இக்கதையின் வழியே இங்கு வந்து செய்து முடித்தனர். இராவணன் பெயரால் மலையில் ஒரு பிளவு, ‘இராவணன் வெட்டு’, காட்டப்படுகிறது. அவன் அழுத இடம் கன்னியாவாகவே இருக்கிறது.

ஒல்லாந்தர் எழுத்துப் பொறித்த அந்தத் தூண், இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் தூண்களுள் ஒன்று. 1950இல் கிணறு தோண்டியபோது, புதைந்திருந்த அக்கோயிலின் தெய்வத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் நீரில் மூழ்கி, கடலடியில் கோயிற் கற்களைக் கண்டனர். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பிரான்சினாவின் பெயர் தாங்கிய தூண் மட்டும், நிகழாத ஒரு சாவின் அடையாளமாகவே பயணிகளுக்குக் காட்டப்பட்டு வந்தது; தன் கோயிலை இழந்த கல் என்ற அதன் சொந்த வரலாறு அவ்வளவாகப் பேசப்படவில்லை.